வண்டு தானாக வருவதில்லை
முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு: கடைக்காரர் அறிய வேண்டிய நான்கு பருவங்கள்

காலையில் கடையைத் திறந்து சாமி கும்பிட்டு முடிப்பதற்குள், முதல் நாள் வாங்கிய தட்டைப்பயற்றுடன் ஒரு வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, பூராவும் வண்டு" என்று பையை மேஜைமேல் கவிழ்க்கிறார். அவருக்கு வேறு பயறு கொடுத்து அனுப்பி விடுகிறோம். பிறகு மண்டிக்குப் போன் செய்கிறோம். மண்டிக்காரர், "நாங்கள் அனுப்பும்போது சரக்கு சுத்தமாகத்தான் இருந்தது, உங்கள் கிட்டங்கியில்தான் வண்டு விழுந்திருக்கும்" என்கிறார். நாம், "மூட்டை வந்து பத்து நாள்கூட ஆகவில்லையே" என்கிறோம். இந்த வழக்கு கம்பத்திலும் சின்னமனூரிலும் தேனியிலும் மாதம் தவறாமல் நடக்கிறது. சில சமயம் பல வருடக் கணக்கு வழக்கே இதனால் முறிந்து போவதும் உண்டு.

இதில் யார் சொல்வது சரி? இதற்கு விடை வண்டின் பிறப்பில் இருக்கிறது. வண்டு எத்தனை நாளில், எந்த எந்த உருவம் எடுத்து வளர்கிறது என்று தெரிந்தால், மூட்டையைப் பார்த்தே ஓரளவு நியாயம் சொல்லி விடலாம். அதைவிட முக்கியமாக, நஷ்டம் வருவதற்கு முன்பே தடுக்கவும் முடியும். ஆகவே உயிரினங்களின் உருமாற்றம் பற்றி வணிகர்களாகிய நாம் அறிய வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

தானாகப் பிறக்குமா?

"மூட்டை சூடேறினால் வண்டு தானாகப் பிடிக்கும்" என்று நம்மில் பலர் இன்றும் சொல்கிறோம். இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவிலும் அழுகும் மாமிசத்தில் புழு தானாக உண்டாகிறது என்றே பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1668-ல் இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்சிஸ்கோ ரெடி இதைச் சோதித்துப் பார்த்தார். சில ஜாடிகளில் மாமிசத்தை வைத்துத் திறந்தே விட்டார். வேறு சில ஜாடிகளை மூடினார். சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் கட்டினார். திறந்த ஜாடிகளில் புழு வந்தது. மூடிய ஜாடிகளில் மாமிசம் அழுகியதே தவிர, புழு வரவில்லை. ஈ வந்து முட்டையிட்டால்தான் புழு, அந்தப் புழுதான் பிறகு ஈ என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் மூட்டைக்கும் இதே சட்டம்தான். சூடும் ஈரமும் வண்டை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் சீக்கிரம் வளர்த்து விடுகின்றன. தாய் வண்டு முட்டையிடாமல் எந்தத் தானியத்திலும் வண்டு வராது. எப்போது, எங்கே அந்த முட்டை வந்து சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

நான்கு பருவங்கள்

பட்டுப்புழுவை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நம் தேனி மாவட்டத்திலும் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். கடுகைவிடச் சிறிய முட்டையிலிருந்து வரும் புழு ஏறத்தாழ 25 நாட்கள் இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு எடை கூடுகிறது. பிறகு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் மடிகிறது.

இந்த நான்கு பருவங்களுக்கும் தனித்தனி வேலை உண்டு. முட்டை பிறர் கண்ணில் படாமல் இருக்க வேண்டியது. புழு தின்று கொழுக்க வேண்டியது. கூட்டுப்புழு அசையாமல் கிடந்து உடலை மாற்றிக் கட்ட வேண்டியது. வளர்ந்த பூச்சி பறந்தோ ஊர்ந்தோ போய் இனத்தைப் பெருக்க வேண்டியது. தின்பது ஒரு பருவம், பரப்புவது வேறு பருவம். நம் சரக்கைப் பெரும்பாலும் அழிப்பது புழு. நம் கண்ணில் படுவதோ வண்டு. நமக்கு ஏற்படும் குழப்பத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

கூட்டுக்குள் நடப்பது வெறும் உறக்கம் அல்ல. புழுவின் தசைகளும் குடலும் பெரும் பகுதி கரைந்து போகின்றன. புழு உடலுக்குள்ளேயே சின்னஞ்சிறு திட்டுகளாக ஒதுங்கியிருந்த உயிரணுக்கள் விழித்துக்கொண்டு, காலும் சிறகும் கண்ணும் புதிதாகக் கட்டுகின்றன. பழைய கட்டடத்தை இடித்து, அதே செங்கல்லை வைத்து வேறு கட்டடம் எழுப்புவது போன்ற வேலை இது.

எப்போது இடிப்பது, எப்போது கட்டுவது என்று ஆணையிடுவவை ஹார்மோன்கள். ஒரு ஹார்மோன் தோலுரிக்கச் சொல்கிறது. மற்றொன்று, 'இன்னும் புழுவாகவே இரு' என்று இளமையை நிறுத்தி வைக்கிறது. இரண்டாவது குறைந்ததும் புழு கூட்டுப்புழுவாகிறது. தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோனை 1954-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் புட்டனான்ட், கார்ல்சன் இருவரும் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம். அவ்வளவு சிறிய அளவுதான் அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கிறது.

எல்லாப் பூச்சிகளுக்கும் நான்கு பருவம் கிடையாது. கடை அலமாரிக்குப் பின்னால் ஓடும் கரப்பான் பூச்சிக்கு மூன்றே பருவம்: முட்டை, குஞ்சு, வளர்ந்த பூச்சி. குஞ்சு தாயைப் போலவே இருக்கும், சிறகு மட்டும் இராது. இதற்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. பழுப்பு நிறத்தில் பயறு போல அலமாரி மூலையில் ஒட்டியிருப்பது அதன் முட்டைப் பை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து முட்டைகள் இருக்கும். ஓடும் கரப்பானை மட்டும் அடித்துவிட்டு இந்தப் பையை விட்டுவிட்டால் அடித்ததற்குப் பலன் இல்லை.

பூச்சிகளுக்கு வெளியிலும் உருமாற்றம் உண்டு. 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நம் வயல்களில் தலைப்பிரட்டைகளைப் பார்க்கிறோம். செவுளால் மூச்சுவிட்டுப் பாசியைத் தின்று மீன் போல் நீந்தும் அது, வாலை இழந்து, கால் முளைத்து, நுரையீரல் பெற்று, பூச்சி தின்னும் தவளையாகிறது. இங்கே ஆணையிடுவது தைராய்டு சுரப்பி. 1912-ல் குடர்நாட்ஷ் என்ற விஞ்ஞானி தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டைத் தின்னக் கொடுத்தபோது, அவை வளர்வதற்கு முன்பே அவசரமாகத் தவளையாகிவிட்டன. அந்தச் சுரப்பிக்கு வேண்டிய மூலப்பொருள் அயோடின். நாம் பாக்கெட்டில் விற்கும் உப்பில் மனிதருக்காகச் சேர்த்திருக்கும் அதே அயோடின்தான்.

நம் கடையில் குடியிருப்பவர்கள்

இனி நம் சரக்குக்கு வருவோம். ஒவ்வொரு வண்டுக்கும் பழக்கம் வேறு, நாள் கணக்கு வேறு.

பயறு வண்டு: தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, துவரை, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தாக்குவது. தாய் வண்டு பயற்றின் மேல்தோலிலேயே முட்டையை ஒட்டி வைக்கும். உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஒரு வண்டு 100 முட்டை வரை இடும். நாலைந்து நாளில் புழு பொரிந்து, முட்டைக்கு அடியிலேயே துளைத்து நேராகப் பயற்றுக்குள் போய்விடும். வெளியில் ஓட்டையே தெரியாது. உள்ளேயே தின்று வளர்ந்து, தோலுக்கு அடியில் மெல்லிய வட்டம் ஒன்றை மட்டும் விட்டுவைத்துக் கூட்டுப்புழுவாகும். அந்த வட்டம் மங்கலான சாளரம் போல வெளியில் தெரியும். கடைசியில் வண்டு அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முட்டையிலிருந்து இதுவரை நம் வெப்பத்துக்கு ஏறக்குறைய நான்கு வாரம். வெளிவந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை. இரண்டு வாரத்துக்குள் முட்டையிட்டு மடிந்துவிடும். முழுப் பயறுதான் இதற்கு வேண்டும். உடைத்த பருப்பில் இதற்கு அவ்வளவாக வசதிப்படாது.

அரிசி வண்டு: நீண்ட மூக்குடைய கருஞ்சிவப்பு வண்டு. மூக்கு வண்டு என்றும் சொல்வோம். பெண் வண்டு அரிசியிலோ கோதுமையிலோ சோளத்திலோ மூக்கால் குழி தோண்டி, ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற பொருளால் குழியை அடைத்துவிடும். புழு, கூட்டுப்புழு இரண்டு பருவங்களும் மணிக்குள்ளேயே கழிகின்றன. 30 முதல் 35 நாளில் வண்டு மணியைக் கடித்துத் துளைத்து வெளியே வரும். இந்த வண்டு வெளியே வந்த பிறகும் பல மாதம் உயிரோடிருந்து தின்னும்; வாழ்நாளில் 300 முட்டைக்கு மேல் இட வல்லது.

மாவு வண்டு: ரவை, மைதா, கோதுமை மாவு, உடைந்த தானியம் இவற்றில் வரும் சிறிய செம்பழுப்பு வண்டு. இது முழுத் தானியத்தைத் துளைக்காது. மற்ற வண்டு உடைத்துப் போட்டதையும் மாவையும் தின்னும். மாவுக்குள்ளேயே உதிரியாக முட்டையிடும். முட்டையின் மேல் பசை இருப்பதால் மாவு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் வண்டாகும். வண்டு ஒரு வருடத்துக்கு மேலும் வாழும். அதிகமானால் மாவு இளஞ்சிவப்பாகிக் கெட்ட வாடை அடிக்கும். வண்டு சுரக்கும் வேதிப்பொருளே அதற்குக் காரணம். அந்த மாவை எவ்வளவு சலித்தாலும் வாடை போகாது.

அந்துப்பூச்சி: ரவை, அரிசி, கம்பு, சோளம், நிலக்கடலைப் பருப்பு இவற்றில் நூலாம்படை போலக் கட்டி கட்டியாகப் பின்னிக் கிடந்தால் அது இதன் புழுவின் வேலை. சாம்பல் நிறப் பூச்சி சுவரில் உட்கார்ந்திருக்கும். அது எதையும் தின்னாது. முட்டையிலிருந்து பூச்சியாக ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும்.

மசாலா வண்டு: மஞ்சள், மல்லி, மிளகாய் வற்றல், இஞ்சிச் சுக்கு இவற்றில் குண்டூசி குத்தியதுபோல் வட்ட ஓட்டை போடுவது. சிகரெட் வண்டு என்று பெயர் பெற்றதும் அதன் பங்காளி வண்டும் இந்த வகை. புகையிலையைக் கூட விடாது. இதற்கு ஒன்றரை முதல் இரண்டரை மாதம் ஆகும். மஞ்சளைத் தட்டினால் பொடி உதிர்ந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம்.

கோதுமையில் வரும் கப்ரா வண்டின் புழு மிகவும் பொல்லாதது. உணவு கிடைக்காவிட்டாலும் சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் முடங்கி, வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு ஓரிரு வருடம்கூடக் காத்திருக்கும். புதுச் சரக்கு வந்ததும் விழித்துக்கொள்ளும். காலி கிட்டங்கி சுத்தமான கிட்டங்கி அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

ஏலக்காய் வியாபாரிகளுக்கு ஒரு குறிப்பு. போடிக்கு வரும் காய்களில் வட்ட ஓட்டையும் உள்ளே வெறுமையும் இருந்தால், அது பெரும்பாலும் தோட்டத்திலேயே தண்டு, காய் துளைக்கும் புழு செய்த வேலை. மேல்தோலில் சொறி பிடித்திருந்தால் அது இலைப்பேன் சுரண்டியது. இவை செடியில் வாழ்பவை. காய்ந்த காயில் பெருகுவதில்லை. அதனால் மற்ற மூட்டைக்குப் பரவும் என்ற பயம் வேண்டாம். தரம் குறைவு என்ற கணக்கு மட்டும்தான். ஆனால் காய்ந்த காயில் பொடி உதிர்ந்து சின்ன வண்டு ஊர்ந்தால் அது மசாலா வண்டு. அதை உடனே தனியே ஒதுக்க வேண்டும்.

வழக்கைத் தீர்க்கும் நாள் கணக்கு

இப்போது முதலில் சொன்ன வழக்குக்கு வருவோம். பயறு மூட்டை ஒன்றாம் தேதி வந்தது. பன்னிரண்டாம் தேதி வண்டு கண்டது என்று வைத்துக்கொள்வோம். முட்டை வண்டாக நான்கு வாரம் வேண்டும். பன்னிரண்டு நாளில் நம் கடையில் இட்ட முட்டை வண்டாகியிருக்க முடியாது. ஆகவே மூட்டையின் நடுவிலிருந்து எடுத்த பயற்றில் வட்ட ஓட்டைகள் இருந்தால், அந்த முட்டை நம்மிடம் வருவதற்கு முன்பே வைக்கப்பட்டது.

ஆனால் மூட்டையின் வெளிப்புறத்தில் மட்டும் வண்டு ஊர்ந்து, உள்ளே பயறு ஓட்டையில்லாமல் இருந்தால், அது பக்கத்து மூட்டையிலிருந்து வந்த விருந்தாளி. அதற்கு மண்டி பொறுப்பாகாது. சரக்கு வந்து 45 நாள், 60 நாள் கழித்து வண்டு கண்டால், குற்றம் இருவரில் யாருடையதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் நம் கடையின் பழைய சரக்கிலிருந்து வந்ததாக இருக்கும். ஒரே மூட்டையில் வெள்ளைப் புள்ளி, மங்கல் சாளரம், திறந்த ஓட்டை, செத்த வண்டு எல்லாம் சேர்ந்திருந்தால், இரண்டு மூன்று தலைமுறை அங்கே குடும்பம் நடத்தியிருக்கிறது. அது பல மாதச் சரக்கு.

மண்டிக்காரர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். பயறு வண்டு காட்டிலேயே, காய் முற்றும் காலத்திலேயே முட்டையிடக் கூடியது. களத்திலிருந்து வரும் பயறு கண்ணுக்குச் சுத்தமாக இருந்தும் உள்ளே புழு இருக்கலாம். விற்றவருக்கே தெரியாமல் வந்தது அது. ஆகவே சண்டையைவிட, சரக்கு வந்த நாளையே இருவரும் ஒரு பிடி பயறு எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்லது. நூறு பயறு எண்ணி, அதில் எத்தனை வெள்ளைப் புள்ளி என்று பில்லின் பின்னால் எழுதி வைத்தால், பின்னால் பேச்சு வளராது.

எங்கள் அனுபவத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு முறை புதிதாக வந்த பாசிப்பயறு மூட்டைகள் அடுத்தடுத்துக் கெட்டன. மண்டியைத்தான் குறை சொன்னோம். பிறகு அலமாரியை இழுத்துப் பார்த்தபோது, பின்னால் யாரோ மறந்துபோன இரண்டு கிலோ தட்டைப்பயறு வெறும் தூளாகக் கிடந்தது. அதிலிருந்து கிளம்பியவைதான் புது மூட்டைகளில் முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. மறுநாள் மண்டிக்குப் போய் வருத்தம் தெரிவித்து வந்தோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் வண்டு 100 முட்டை. அதில் பாதி பெண் என்றால் 50. அடுத்த மாதம் அந்த 50-ம் இடுவது 5,000 முட்டை. அதற்கடுத்த மாதம் 2,50,000. எல்லாம் பிழைப்பதில்லை, பாதிக்குப் பாதி செத்தாலும் மீதி போதும், மூட்டையைக் காலி செய்ய. வட்டிக்கு வட்டி என்பது வண்டுக்கும் உண்டு.

நம் பள்ளத்தாக்கும் வண்டும்

வண்டின் கடிகாரத்தை ஓட்டுவது வெப்பமும் ஈரமும். கம்பம் பள்ளத்தாக்கில் கோடையில் வெப்பம். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் மலைக்கணவாய் வழியே காற்றும் சாரலும். வெப்பம் இருக்கும்போதே ஈரப்பதமும் கூடும் இந்த ஆனி, ஆடி மாதங்களில்தான் நம் கிட்டங்கிகளில் வண்டு பெருகுகிறது. காய்ந்து வந்த தானியமும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 12 சதவீதத்துக்குள் ஈரம் இருந்தால் வண்டு மெதுவாகத்தான் பெருகும். 14 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். கூடவே பூஞ்சணமும் சேரும்.

அதே மூட்டை மலையேறிக் குமுளிக்குப் போனால் குளிரில் புழு மெதுவாகவே வளரும். நான்கு வாரம் ஆவது ஆறு, ஏழு வாரமாகலாம். அங்குள்ள கடைக்காரர் இரண்டு மாதம் கழித்து வண்டு கண்டு நமக்குப் போன் செய்தால், அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. குளிர் புழுவைக் கொல்லவில்லை, தாமதப்படுத்தியிருக்கிறது.

பருவம் அறிந்து தடுப்பது

முட்டைக்கு: விதைக்கும் வீட்டுக்கும் வைக்கும் பயற்றில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி ஆமணக்கெண்ணெய் அல்லது வேப்பெண்ணெய் புரட்டி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். எண்ணெய் முட்டையின் மூச்சை அடைத்துவிடும். தோல் வழுக்குவதால் வண்டு முட்டையை ஒட்டவும் சிரமப்படும். துவரைக்குச் செம்மண் கட்டுவதிலும் இதே பலன் இருக்கிறது. ஆனால் விற்பனைச் சரக்கில் பளபளப்புக்காக எண்ணெய் பூசுவது வேறு; அது கூடாது.

புழுவுக்கு: இது மணிக்குள் இருப்பதால் சலித்தாலும் புடைத்தாலும் போகாது. வசம்பும் வேப்பிலையும் வண்டை விரட்டலாம்; உள்ளே உள்ள புழுவைத் தொடா. வெயில்தான் மருந்து. தரையில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, பயற்றை மெல்லிய அடுக்காகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி ஓரத்தில் கல் வைத்தால், நல்ல வெயிலில் ஓரிரு மணி நேரத்தில் உள்ளே வெப்பம் 60 டிகிரியை நெருங்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் மடியும். ஆறவைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். இப்படி வெயிலில் சூடேற்றிய பயறு சமையலுக்குத்தான். விதைக்கு வைப்பதை வழக்கம்போல் உலர்த்தினால் போதும்.

கூட்டுப்புழுவுக்கு: "இப்போது வண்டே இல்லை" என்று நாம் ஏமாறுவது இந்தப் பருவத்தில்தான். பெரிய வண்டுகள் செத்துவிட்டன, புதியவை இன்னும் வெளிவரவில்லை. அந்த அமைதி ஒரு வாரம், பத்து நாள்தான். வண்டு கண்ட சரக்கைச் சலித்துவிட்டு அப்படியே விற்பனைக்கு வைக்காமல், தனியே வைத்து நான்கு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை.

வளர்ந்த வண்டுக்கு: கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பொறிகள் இருக்கின்றன. துளைகள் இட்ட குழாயைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியே விழுந்து அடியில் சேர்ந்துவிடும். பயறு வண்டுக்குத் தனிப் பொறி உண்டு. வாரம் ஒரு முறை எடுத்து எண்ணினால், மூட்டையைப் பிரிக்காமலே நிலைமை தெரியும்.

இவற்றோடு, முதலில் வந்த சரக்கு முதலில் போகும்படி அடுக்குவது, மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, பழைய சாக்கை உதறி வெயிலில் போடாமல் திரும்பப் பயன்படுத்தாதது, தரை வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைப்பது ஆகிய நான்கையும் தவறாமல் செய்தால் பாதி நோய் தீர்ந்தது.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை

வண்டு மாத்திரை என்று சொல்லப்படும் அலுமினியம் பாஸ்பைடு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற விஷ வாயுவை விடுகிறது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. அரசு நிறுவனங்களும், அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிபுணர்களும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு இருக்கிறது. கடைக்குப் பின்னால் வீடு, கிட்டங்கிக்கு மேலே வீடு என்று இருக்கும் நம் தெருக்களில் இரண்டு மாத்திரையை மூட்டை இடுக்கில் போட்டுவிட்டு மாடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது.

அது போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டும் புழுவும் வேகமாக மூச்சுவிடுவதால் வாயுவில் சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் மிகக் குறைவாக மூச்சுவிடுவதால் தப்பித்துக்கொள்ளும். காற்றுப் புகாத உறை போட்டு, குறைந்தது 5 முதல் 7 நாள் மூடி வைத்தால்தான் அவையும் மடியும். அரைகுறையாக ஒரு நாள் வைத்துத் திறந்தால், வண்டு செத்துக் கிடப்பதைப் பார்த்துத் திருப்திப்படுவோம். இரண்டு வாரத்தில் புது வண்டு வரும். அந்தத் தப்பிப் பிழைத்தவற்றின் சந்ததிக்கு மருந்தின் மேல் பயமும் குறைந்திருக்கும். மருந்து அடிப்பதாக இருந்தால் அனுமதி பெற்றவரைக் கூப்பிட்டு, நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்வதே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 முதல் நடைமுறையில் இருக்கும் 2006-ம் வருட உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, புழுவோ வண்டோ பூச்சியோ பிடித்த உணவு 'பாதுகாப்பற்ற உணவு' என்ற வரையறைக்குள் வருகிறது. விற்றவரே பதில் சொல்ல வேண்டும். "சலித்துச் சுத்தம் செய்துவிட்டோம்" என்பதும் முழுப் பதில் ஆகாது. புழு உள்ளே இருந்து தின்றபோது கழித்த யூரிக் அமிலம் மணிக்குள்ளேயே தங்கிவிடும். தானியத்தில் அது கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வண்டு போனாலும் அது இருந்த சாட்சியம் போவதில்லை.

எதிரியும் உதவிக்கு வருவான்

கடைசியாக ஒரு நல்ல செய்தி. ரவையைக் கட்டி கட்டியாகப் பின்னும் அந்துப்பூச்சியை ஆராய்ச்சி நிலையங்களில் வேண்டுமென்றே கம்பில் வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றின் மேல் கொசுவைவிடச் சிறிய ஒரு குளவியை விடுகிறார்கள். அந்தக் குளவி அந்து முட்டைக்குள் தன் முட்டையை இடும். உள்ளே குளவியின் புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகிக் குளவியாக வெளிவரும். அந்த அட்டையைத் துண்டு துண்டாக்கி கரும்பு, நெல் வயல்களில் கட்டினால், வெளிவரும் குளவிகள் பயிரைத் துளைக்கும் புழுக்களின் முட்டைகளைத் தேடி அழிக்கும். முட்டை ஒட்டுண்ணி அட்டை என்று விவசாயிகள் வாங்குவது இதைத்தான். நம் கிட்டங்கியில் நஷ்டம் தரும் பூச்சியின் பருவங்களைத் தெரிந்துகொண்டதால், அதையே விவசாயிக்கு லாபமாக மாற்ற முடிந்திருக்கிறது.

வணிக நண்பர்களே, நாம் வரவு செலவை நாள் தவறாமல் எழுதுகிறவர்கள். சரக்கு வந்த தேதி, மூட்டை பிரித்த தேதி, முதல் வண்டு கண்ட தேதி, இந்த மூன்றையும் அதே நோட்டில் எழுதிப் பழகுவோம். வண்டைக் கண்ட நாளிலிருந்து நான்கு வாரம் பின்னால் எண்ணிப் பார்த்தால், முட்டை எங்கே இடப்பட்டது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அது மண்டி என்றால் தேதியைக் காட்டி மரியாதையாகக் கேட்கலாம். நம் அலமாரிக்குப் பின்னால் என்றால், யாரையும் நோகாமல் விளக்குமாற்றை எடுக்கலாம்.